அம்மாவின் மறைவுக்குப் பின் ஜெபம் வரவில்லை: பாடகர் குழுவில் தொடரலாமா?

தண்டையார்பேட்டை சகோதரி (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தது; நான் பதினேழு ஆண்டுகளாக எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி) பாடி வருகிறேன். இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த என் அம்மா, கடந்த ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். விடியற்காலையில் ஆட்டோ பிடித்து அவர்களை அழைத்துச் சென்று, வெளியே பெஞ்சில் காத்திருந்த அந்த நாட்களில்கூட என் ஜெபம் நின்றதில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு வார்த்தையும் வராமல் போயிற்று.

ஜெபம் கேட்கப்பட்டது என்று தோன்றினால், அம்மா தம் வேதாகமத்தில், எந்த வசனத்தைச் சொல்லி ஜெபித்தார்களோ அதன் ஓரத்தில் பென்சிலால் தேதி குறிப்பார்கள். எனக்கு வேலை கிடைத்த நாளும் தம்பிக்குக் குழந்தை பிறந்த நாளும் அதில் இருக்கின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தேதியும் இல்லை. தாள் தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், இது என் விசுவாசக் குறைவு என்று சொன்னார். உள்ளத்தில் இல்லாததை வாயால் பாடுவது மாய்மாலம் அல்லவா? குழுவிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை.

பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு):

இயேசுவுக்கே புகழ், சகோதரி. நான் கத்தோலிக்கன்; நீங்கள் சங்கீதம் என்பதை நாங்கள் திருப்பாடல் என்போம். 88ஆம் பாடலை இன்றிரவு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். புலம்பலாகத் தொடங்கும் மற்றப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் ஒரு துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடுகின்றன; 13ஆம் பாடல்கூட ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்டுவிட்டு ஆறாம் வசனத்தில் பாட்டாக முடிகிறது. 88 அப்படித் திரும்புவதே இல்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதன் தலைப்பைக் கவனியுங்கள்: கோராகின் புத்திரரின் பாடல், இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று இருக்கும். கோராகின் புத்திரர் யார்? ஆலயத்துப் பாடகர்கள். வேதாகமத்திலேயே மிக இருண்ட அந்த முறையீட்டைத் தனியறையில் ஒருவர் அழுதுவிட்டு மறைத்துவைக்கவில்லை. பாடகர் குழுவின் கையில்தான் கொடுத்தார்கள். ஆகவே மகிழ்ச்சியுள்ளவர் மட்டுமே அந்த வரிசையில் நிற்கலாம் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளம் மகிழ்வதாக நடிப்பதுதான் மாய்மாலம். வலியோடு நின்று பாடுவது அப்படி ஆகாது.

கடிதத்தைப் பற்றி இன்னொன்று. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1521இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது, தம் உள்ளத்தில் ஏறி இறங்கும் உணர்வுகளை உற்றுக் கவனிக்கத் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்து பிற்பாடு அவர் வகுத்த விதிகளுள் ஒன்று, ஆறுதலற்ற காலத்தில் முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது. ‘விலகவே கூடாது’ என்று அவர் சொல்லவில்லை. ‘இப்போது வேண்டாம்’ என்றுதான் சொன்னார். கடிதம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கட்டும்.

ஜெபம் வராத இந்த வறட்சி விசுவாசக் குறைவுதான் என்றால், அன்னை தெரசாவை எந்தக் கணக்கில் வைப்பது? அவர் 1997இல் மறைந்தார். பத்தாண்டு கழித்து வெளியான கடிதங்களில், பல பத்தாண்டுகள் கடவுளின் நெருக்கத்தையே உணராமல் பணிசெய்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

வியாசர்பாடி சகோதரர்:

சகோதரி, இருபத்தோரு நாள் உபவாச ஜெபம் செய்யுங்கள். எனக்கு வேலை போனபோது அப்படித்தான் விடுதலை கிடைத்தது. சாட்சியாகச் சொல்கிறேன்.

காசிமேட்டுக்காரன்:

மேலே எழுதிய சகோதரரின் சாட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டாகச் சரியாக உண்டாரா, உறங்கினாரா என்றே தெரியாத ஒருவருக்கு முதலில் உபவாசத்தைச் சொல்வது சரியா என்று யோசிக்க வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டார், மறுபடி உறங்கினார், மறுபடியும் எழுப்பப்பட்டு உண்டார். தேவனுடைய மலையாகிய ஓரேபுக்கு நடந்தது அதற்குப் பிறகுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, என் மாமாவின் வலையைத் தூக்கினால் கையில் தார்போல ஒட்டியது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு நின்றது. அந்த வாரங்களில் ஜெபமாலையைக் கையில் எடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேசினார்கள். அதில் ஒன்றும் நினைவில் இல்லை. என் அண்ணி மட்டும் ஒரு தூக்கில் கஞ்சியும் வாழையிலையில் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து பேசாமல் வலை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் அப்படித்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய விசைப்படகின் அடியைச் சுரண்டி வண்ணமடித்து, வலையைப் பின்னிக் காத்திருப்போம். உங்கள் காத்திருப்பையும் அதற்கு ஒப்பிட ஆசைதான். ஆனால் எங்கள் தடைக்காலம் முடியும் தேதி எங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது, அதனால் ஒப்பிடாமல் விடுகிறேன். தூக்கமும் பசியும் பல வாரங்களாக இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு அழைத்தாலும் மனநல ஆலோசனை கிடைக்கும். அதில் விசுவாசத்துக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

தண்டையார்பேட்டை சகோதரி:

மூவருக்கும் நன்றி. ஞாயிறன்று போயிருந்தேன். இரண்டாம் பாட்டில் தொண்டை அடைத்ததால் பாடவில்லை. பக்கத்திலிருந்த அக்கா கேட்காமலேயே பாட்டுத்தாளை என் பக்கம் நகர்த்தி, என் வரியையும் சேர்த்துப் பாடினார்கள். வீட்டுக்கு வந்து 88ஐ அம்மாவின் வேதாகமத்திலேயே வாசித்தேன். அந்தப் பக்கத்தில் தேதி இல்லை. ஆனால் பதின்மூன்றாம் வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. காலையில் என் ஜெபம் உமக்கு முன்பாக வரும் என்ற வசனம். அது எப்போது போட்டதென்று தெரியவில்லை. கடிதம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.