ஓவியமும் கவிதையும் ஒரே பக்கத்தில்: வழிகாட்டல் வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நுண்கலை பயிலும் மாணவியான நான், என் கோட்டோவியங்களும் கவிதைகளும் ஒரே பக்கத்தில் அமையும் சிறுநூல் ஒன்றை இறுதியாண்டுப் படைப்பாக உருவாக்கி வருகிறேன். ஓவியம் சொல்லிவிட்டதைக் கவிதை திரும்பச் சொல்லாமல் இருப்பது எப்படி என்பதே என் முதன்மையான கேள்வி. மழையை வரைந்த பக்கத்தில் மழையைப் பற்றியே எழுதுவதைவிட, அம்மழைக்காகக் காத்திருந்தவரைப் பற்றி எழுதினால், இரண்டுக்கும் நடுவே வாசகர் நுழைய ஓர் இடம் கிடைக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த இடைவெளி எந்த அளவைத் தாண்டினால் தொடர்பே அறுந்துவிடும் என்பதை என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

முன்னோடிகளைத் தேடியபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தையும் உருவத்தையும் ஒரே செப்புத் தகட்டில் அமைத்து அச்சிட்ட ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கும், செய்யுளைத் தேராகவும் பிணைந்த பாம்புகளாகவும் அமைத்த நம் சித்திரகவி மரபும் என்னை மிகவும் ஈர்த்தன. (சித்திரகவியை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்குவது நியாயமன்று.) பிளேக் தகட்டில் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத வேண்டியிருந்தது, அங்கே எழுதுவதும் வரைவதும் ஒரே கைவேலை. அதனால்தான் நானும் அச்செழுத்தைத் தவிர்த்துக் கையெழுத்தையே பயன்படுத்த விரும்புகிறேன். தமிழ் எழுத்துகளின் சுழிகள் என் கோடுகளோடு இயல்பாக இணைகின்றன என்றாலும், நீண்ட கவிதைகளில் வாசிப்பு தடைபடுமோ என்று அஞ்சுகிறேன்.

இவ்வகைப் பணியில் அனுபவமுள்ளவர்கள், எழுத்து, ஓவியம் ஆகியவற்றுள் எதை முதலில் தொடங்கினீர்கள் என்பதையும், கையெழுத்துப் பக்கங்களின் தெளிவை எவ்வாறு காத்தீர்கள் என்பதையும் விளக்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். விரும்புவோருக்கு மாதிரிப் பக்கங்களை அனுப்புகிறேன்.