பல நாள் அணைத்து வைத்த ராஸ்பெரி பையில் மட்டும் நிரல் தானாகத் தொடங்கவில்லை

கருவி ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, 2 ஜிபி, புக்வார்ம் லைட் இயங்குதளம், வைஃபை. ஒரு பைத்தான் நிரல் வெப்பநிலை சென்சாரைப் படித்து, டிஎல்எஸ் (சான்றிதழ் பார்த்து இணைக்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. அதை சிஸ்டம்டி (லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சர்வீஸாக வைத்து, பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும்படி எனேபிள் செய்திருக்கிறேன்.

வெறும் ரீபூட் என்றால் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் மின்சாரம் இல்லாமல் வைத்துவிட்டுப் போட்டால்தான் நிரல் செத்துக் கிடக்கிறது. கையால் ஓட்டினால் உடனே ஓடும், அதுதான் எரிச்சல்!

நேற்று ஜர்னலை (சிஸ்டம்டியின் பதிவேடு) பார்த்தேன். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஐந்து முறை பிழை, அப்புறம் சிஸ்டம்டி கைவிட்டுவிட்டது. அந்த வரிகளில் இருந்த தேதி இரண்டு வாரம் பழையது. பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. இடையில் சர்வரின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, பழைய தேதியில் நிற்கும் பைக்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ். சரி, காரணம் புரிந்துவிட்டது.

சர்வீஸ் கோப்பின் ஆஃப்டர் வரியில் (எதற்குப் பிறகு தொடங்க வேண்டும் என்று சொல்லும் வரி) முதலில் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் (இணைப்பு கிடைத்த நிலை) போட்டேன், பலனில்லை. டைம்-சிங்க் டார்கெட்டையும் (நேரம் சரியான நிலை) சேர்த்தேன், அதற்கும் காத்திருக்காமல் முந்திக்கொண்டு ஓடுகிறது. கிரான்டேபில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் பட்டியல்) ரீபூட் வரியோடு 60 விநாடி ஸ்லீப் வைத்தால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. வைஃபை எப்போது இணையும் என்று யார் கண்டது? கடிகார மாட்யூல் வாங்கி மாட்டலாம், ஆனால் பின்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. நேரத்தைச் சரிசெய்வது டைம்சிங்க்டி, வேறு எதுவும் நிறுவவில்லை.

கடிகாரம் உண்மையிலேயே சரியான பிறகுதான் என் சர்வீஸ் தொடங்க வேண்டும் என்றால், டைம்-சிங்க் டார்கெட்டோடு வேறு எதை எனேபிள் செய்ய வேண்டும்?