லிங்கன் உண்மையில் போருக்குப் போனாரா? மகளின் பேச்சுப் போட்டிக்காகக் கேட்கிறேன்

காவிரிக்கரை:
மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு ஆபிரகாம் லிங்கன் தலைப்பு. தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்த உரையில் "இளமையில் வாளேந்திச் செவ்விந்தியரை வென்ற மாவீரர்" என்று ஒரு வரி இருக்கிறது. "அவர் வக்கீல்தானேம்மா, வாள் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த வரியை வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

தேநீர்ப்பிரியன்:
போனது உண்மைதான். ஆனால் கேப்டனாகப் போய்ச் சாதாரண சிப்பாயாகத் திரும்பினார். பதவி இறக்கிவிட்டார்கள் என்று படித்த ஞாபகம். மாவீரர் எல்லாம் கொஞ்சம் ஓவர்.

ராக்ஃபோர்ட்வாசி:
பதவி இறக்கம் இல்லை நண்பரே. இந்தக் கதை நிறையப் பேர் சொல்வதுதான். நான் இல்லினாய் மாநிலத்தில்தான் இருக்கிறேன், பிளாக் ஹாக் போர் என்கிற அந்தப் போர் நடந்த பக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1832. லிங்கனுக்கு 23 வயது. நியூ சேலம் என்ற சின்ன ஊரில் ஒரு கடையில் வேலை, அந்தக் கடையும் மூழ்கிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம்தான் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கப்போவதாக அறிவித்திருந்தார். ஏப்ரலில் பிளாக் ஹாக் என்ற ஸாக் பழங்குடித் தலைவர், பெண்கள், குழந்தைகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மிசிசிப்பியைக் கடந்து தங்கள் பழைய நிலத்துக்குத் திரும்பினார். ஆளுநர் தொண்டர் படைக்கு, மிலிஷியா என்பார்களே, அதற்கு ஆள் கேட்டார். ஏப்ரல் 21 அன்று லிங்கன் சேர்ந்தார்.

அந்தப் படையில் கேப்டனை மேலிடம் நியமிப்பதில்லை, வீரர்களே தேர்ந்தெடுப்பார்கள். போட்டியாளர்கள் தள்ளித் தள்ளி நிற்க, யார் பின்னால் அதிகம் பேர் போய் நிற்கிறார்களோ அவர் கேப்டன். எதிரே நின்றவர் ஒரு மரமறுப்பு ஆலைக்காரர். லிங்கன் ஜெயித்தார். 1859ல் தன்னைப் பற்றி எழுதும்போதுகூட, அதற்குப் பிறகு கிடைத்த எந்த வெற்றியும் அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை என்கிறார். மகள் பேச வேண்டியது இதைத்தான் என்பேன். வாள் வேண்டாம்.

வாள் என்றதும் நினைவுக்கு வருகிறது: அவருடைய ஆட்கள் சாராயத்தைத் திருடிக் குடித்து மட்டையானதற்குத் தண்டனையாக, அவர் இரண்டு நாள் மரவாள் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். இன்னொரு கதை: படை வரிசையாக நடந்து வரும்போது ஒரு வேலிக்கதவு குறுக்கே வந்தது. அதில் நுழைய ஒற்றை வரிசையாகத் திரும்பச் சொல்லும் கட்டளை இவருக்கு மறந்துபோனது. "இரண்டு நிமிடம் கலைந்து போங்கள், கதவுக்கு அந்தப் பக்கம் மறுபடி வரிசையில் நில்லுங்கள்" என்றாராம்.

சரி, பதவி விஷயம். அவருடைய கம்பெனிக்குக் காலக்கெடு முடிந்தது. மே 27 அன்று கலைத்துவிட்டார்கள். வேலை இல்லை, ஊருக்குப் போயும் செய்ய ஒன்றுமில்லை. அதனால் சிப்பாயாகவே மறுபடி சேர்ந்தார், அப்புறம் இன்னொரு முறையும். இறக்கியது யாரும் இல்லை. ஜூலை 10 அன்று விடுவிக்கப்பட்டார். அதற்கு முந்தைய இரவு குதிரை திருடு போனதால், பாதி வழி நடை, பாதி வழி ஓடம் என்று வீடு வந்து சேர்ந்தார்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி சார். வேலிக்கதவு கதையைப் படித்துவிட்டு மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அப்போ சண்டையே போடவில்லையா?

ராக்ஃபோர்ட்வாசி:
போடவில்லை. பிணம் புதைத்தார்.

இங்கிருந்து அரை மணி நேரத்தில் ஸ்டில்மன் வேலி என்று ஓர் ஊர் இருக்கிறது. மே 14 அன்று பிளாக் ஹாக் வெள்ளைக்கொடியோடு ஆள் அனுப்பினார். தொண்டர் படை அவர்கள்மீதே பாய்ந்தது. பிறகு நாற்பது பேர் அளவிலான ஸாக் வீரர்கள் திருப்பித் தாக்க, 275 பேர் கொண்ட படை தலைதெறிக்க ஓடியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்களைப் புதைக்க லிங்கன் உதவினார் என்று அங்கே நினைவுத்தூணில் பொறித்திருக்கிறது. ஒரு மழை நாளில் போய்ப் பார்த்தேன். கூட வந்த என் மாமனார், "ஓடினவனுக்கும் தூணா?" என்றார்.

ஜூனில் கெலாக்ஸ் குரோவ் என்ற இடத்தில் இன்னும் ஐந்து பேர். காலை வெயில் சிவப்பாக அவர்கள் மேல் விழுந்திருந்தது, தலைத்தோல் உரித்த இடத்தில் ஒரு டாலர் நாணயம் அளவுக்குச் சிவப்பு வட்டம் என்று லிங்கன் பின்னாளில் சொன்னதாகப் பதிவு உண்டு. எட்டாம் வகுப்புக்கு இது வேண்டாம்.

அவரே இந்தப் போர் அனுபவத்தைக் கேலி செய்தவர். 1848ல் நாடாளுமன்றத்தில், எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் லூயிஸ் காஸைப் போர்வீரர் என்று தூக்கிப் பிடித்தார்கள். லிங்கன் எழுந்து, நானும் காட்டு வெங்காயத்தின்மீது படையெடுத்திருக்கிறேன், கொசுக்களோடு ரத்தப்போர் புரிந்திருக்கிறேன் என்றார். வாளை உடைக்கவில்லை, உடைக்க வாளே இல்லை என்றும் சொன்னார். உங்கள் மகளின் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார், பாருங்கள்!

தேநீர்ப்பிரியன்:
ஒப்புக்கொள்கிறேன், என் ஞாபகம் தப்பு. தேர்தல் என்ன ஆச்சு?

ராக்ஃபோர்ட்வாசி:
தோல்வி. ஆகஸ்ட் 6 அன்று தேர்தல், பதின்மூன்று பேரில் எட்டாவது இடம். பிரசாரம் செய்ய நாளே இல்லையே. ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலத்தில் 277 வாக்கு விழுந்தது. படையில் பழகிய ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீல்தான் அப்புறம் அவரைச் சட்டம் படிக்கத் தூண்டி, புத்தகமும் கொடுத்தார். 1834ல் லிங்கன் ஜெயித்தார்.

இன்னொன்று. மறுபடி சேர்ந்தபோது அவரைப் பதிவேட்டில் ஏற்றிய லெப்டினன்ட் ராபர்ட் ஆண்டர்சன்தான், 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய சம்டர் கோட்டையின் தளபதி. அப்போது இவர் ஜனாதிபதி.

வைகைமீன்:
பிளாக் ஹாக்கின் மக்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லையே. ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் பேட் ஆக்ஸ் ஆற்று முகத்துவாரம் அருகே, மிசிசிப்பியைக் கடந்து தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள், நீரில் தவித்த பெண்களையும் குழந்தைகளையும்கூட. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். லிங்கன் அப்போது வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். "வென்ற" என்ற சொல்லை முதலில் அடியுங்கள் அக்கா.

காவிரிக்கரை:
அடித்துவிட்டாள். "வாளேந்தி"யையும் சேர்த்து. அந்த இடத்தில் வேலிக்கதவு வந்திருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் அடங்குமா என்று கடிகாரம் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.