மாண்டிசோரி பள்ளியில் பிறந்த நாள், மற்ற விசேஷ நாட்கள்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

மூன்று வயது மகனின் அம்மா:

அடுத்த மாதம் என் மகனுக்கு 4 வயது நிறைகிறது. முப்பது குழந்தைகள்கூட இல்லாத சின்ன மாண்டிசோரி பள்ளியில் (குழந்தைகள் தங்கள் கையால் செய்து, தங்கள் வேகத்தில் கற்கும் முறை) சேர்த்திருக்கிறோம். பிறந்த நாளுக்குப் பரிசுப் பை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு படம், அந்த வருடம் அவன் என்ன செய்தான் என்று ஒரு வரி, அவ்வளவு போதுமாம். "சூரியனைச் சுற்றி நடப்பான், நீங்களும் வந்து உட்காருங்க" என்றார் அவன் அக்கா. (அங்கே ஆசிரியையை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) மேடை, ஒலிபெருக்கி, ஆண்டு விழா என்று பார்த்தே வளர்ந்தவள் நான். இப்படிப்பட்ட பள்ளிகளில் நீங்கள் நேரில் பார்த்தவற்றை எழுதுங்களேன்.

ஏழு வயது மகளின் அம்மா:

முதலில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரு மெழுகுவத்தி இருக்கும், அதுதான் சூரியன். அதைச் சுற்றி 12 மாதங்களுக்கும் அட்டைகள். பிறந்த நாள் குழந்தை சின்ன உலக உருண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தான் பிறந்த மாதத்தில் நின்று நடக்கத் தொடங்கும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு வயது. ஒவ்வொரு சுற்றுக்கும் படத்தைக் காட்டி, அந்த வயதில் அது செய்ததை அக்கா சொல்வார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தை நினைத்து நாங்கள் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. மகளைத் தத்தெடுத்தபோது அவளுக்கு இரண்டு வயதும் சில மாதங்களும். அதற்கு முந்தைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஐந்தாவது பிறந்த நாளுக்கு முன்னால் அக்காவைத் தனியாகப் பார்த்து, மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ரெண்டு வருஷமும் பூமி நின்னுடலையேம்மா. அவ அஞ்சு சுத்தும் நடக்கட்டும். அந்த ரெண்டு வருஷம் நீங்க என்ன செஞ்சிட்டிருந்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

அன்று முதல் சுற்றில் அக்கா சொன்னார்: "இந்த வருஷம் இவளோட அம்மாவும் அப்பாவும் ஒரு குழந்தை வேணும்னு நினைச்சிட்டிருந்தாங்க." இரண்டாவது சுற்றில்: "இந்த வருஷம் தேடிட்டிருந்தாங்க." மூன்றாவது சுற்றில் படம் வந்தது, எங்கள் வீட்டு வாசலில் அவள் நிற்கும் படம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு, "கண்டுபிடிச்சிட்டாங்களா!" என்று கேட்டான். மகள் உருண்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ம்" என்றாள். இந்த விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்லுவது என்று நாங்கள் தவித்த தவிப்பெல்லாம் அங்கேயே தீர்ந்தது.

படம் இல்லாதவர்கள், அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தையின் வீட்டார், தயங்காமல் முன்கூட்டியே பள்ளியில் பேசிவிடுங்கள்.

பத்தொன்பது வருடமாக மாண்டிசோரி ஆசிரியை:

மேலே எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் மௌன விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை, அதாவது இந்த முறையின் முதல் பள்ளியை, திறந்தார். ஒரு நாள் அவர் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குள் எடுத்துவந்து, இது எவ்வளவு அசையாமல் இருக்கிறது, உங்களால் இப்படி இருக்க முடியுமா என்று கேட்டார். குழந்தைகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். இந்த விளையாட்டு அங்கே பிறந்ததுதான். எங்கள் பள்ளியில் மற்ற நாட்களிலும் உண்டு என்றாலும், ஜனவரி 6 அன்று பெற்றோரையும் அழைத்து உட்கார வைப்போம்.

திரையை இழுத்துவிடுவோம். கை, கால், உதடு ஒவ்வொன்றாக அடங்கும். கடிகாரச் சத்தம் கேட்கத் தொடங்கும். நான் அடுத்த அறைக்குப் போய், ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பேன். பெயர் கேட்ட குழந்தை நாற்காலிகூட உரசாமல், நுனிக்காலில் நடந்து என்னிடம் வரும். ஒரு வருடம் ஒரு சிறுமியின் பெயரை விட்டுவிட்டேன். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், காலி வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் கண்ணை மூடி, முகமெல்லாம் காதாக உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து பெயர்ப் பட்டியல் இல்லாமல் நான் இதைச் செய்வதில்லை. கூப்பிடுவார்கள் என்று நம்பிக் காத்திருக்கும் பிள்ளையை ஏமாற்றுவதைப் போல ஒரு தவறு கிடையாது.

போட்டி, பரிசு வைப்பதில்லையே என்று சில பெற்றோர் குறைப்படுவார்கள். மாண்டிசோரியே எழுதிய ஒரு சம்பவம் உண்டு. நன்றாக நடந்துகொண்டதற்காகப் பதக்கம் வாங்கிய குழந்தை அது கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் தன் வேலையில் இருந்தது. தண்டனையாக உட்கார வைக்கப்பட்டிருந்த பிள்ளை அதை எடுத்து, நான் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதும், பதக்கம் வாங்கிய குழந்தை தாராளமாகப் போட்டுக்கொள் என்று விட்டுக்கொடுத்துவிட்டது. வேலை பிடித்துப்போன பிள்ளைக்குப் பதக்கம் எதற்கு?

ஒரு அப்பா:

எங்க பள்ளியில் ஆயிரம் மணிச் சங்கிலி எண்ணுறதுதான் பெரிய திருவிழா. தேதி எல்லாம் கிடையாது, எந்தப் பிள்ளை என்னிக்குத் தயாரோ அன்னிக்கு. பத்துப் பத்து தங்க நிற மணியாகக் கோத்த நூறு கம்பிகளைச் சேர்த்த சங்கிலி. வகுப்புக்குள்ள நீட்ட முடியாது, வராந்தாவில்தான் விரிப்பாங்க. ஒவ்வொரு மணியாக எண்ணி, ஒவ்வொரு பத்து முடியும்போதும் அந்த எண் எழுதின சீட்டு வைக்கணும்.

என் பையன் அஞ்சரை வயசில் இதைச் செஞ்சான். முதல் நாள் 430ல நிறுத்திட்டு, தன் பெயர் எழுதின அட்டையை அங்கேயே வெச்சுட்டு வந்துட்டான். அன்னிக்கு அந்த வராந்தாவில் நடந்தவங்க எல்லாரும் ஓரமாகவே நடந்திருக்காங்க, மூணு வயசுப் பிள்ளைங்க உள்பட. மறுநாள் என்னை வரச் சொன்னாங்க. 699ல வந்து நின்னான். யோசிக்கிறான், யோசிக்கிறான். எனக்குப் பொறுக்கலை, "எழு..."ன்னு ஆரம்பிச்சுட்டேன். அக்கா என் கையைத் தொட்டாங்க. அவன் திரும்பி நடந்து 600 சீட்டைப் பார்த்தான், அங்கிருந்து 690 வரைக்கும் சீட்டுகளைப் படிச்சுக்கிட்டே வந்தான், "எழுநூறு"ன்னு சொல்லிச் சீட்டை வெச்சான். அதை நான் கெடுத்திருப்பேன். இப்பவும் வீட்டுப்பாடத்துக்கு நடுவுல வாய் திறக்கும்போது அந்தக் கை ஞாபகம் வரும்.

ஒரு தாத்தா:

தாத்தா பாட்டி நாளன்று என் பேத்தி எனக்கு நாடா முடிச்சுச் சட்டத்தை (நாடாவை முடிச்சுப் போட்டுப் பழகும் மரச்சட்டம்) செய்து காட்டினாள். பாயை விரித்து, என்னை இடப்பக்கம் உட்காரச் சொன்னாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விரல்கள் மட்டும் மெதுவாக, மிக மெதுவாக. பிறகு சட்டத்தை என் பக்கம் நகர்த்தினாள். என் கை நடுங்கும். அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். என் கைக்காக அப்படிக் காத்திருந்தவர்கள் குறைவு.

எட்டு வயதுப் பையனின் அம்மா:

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய கதைகள் ஐந்து உண்டு: பிரபஞ்சம் தோன்றியது, உயிர் வந்தது, மனிதர் வந்தது, எழுத்து, எண்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்தபோது மாண்டிசோரி வளர்த்தெடுத்த பாடமுறையில் வந்தவை இவை. கல்வியாண்டு தொடங்கும்போது முதல் கதையை இருட்டிய அறையில் சொல்வார்கள். என் மகன் மூன்றாவது வருடமாகக் கேட்கிறான், அலுக்கவேயில்லை. இந்த வருடம் புதிதாக வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் போய், "பயப்படாதே, வெளிச்சம் வரும்" என்றானாம்.

மூன்று வயது மகனின் அம்மா:

இல்லை, நான்கு வயது மகனின் அம்மா! நேற்று முடிந்தது. அக்கா சொல்லும் வரியைத் திருத்தக் கூடாது, கைதட்டக் கூடாது என்று உங்களையெல்லாம் நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு சுற்றும் நன்றாக நடந்தான். முடிந்த பிறகு உருண்டையைக் கீழே வைக்க மறுத்துவிட்டான். "இன்னும் ஒண்ணு" என்றான். அக்கா அவன் உயரத்துக்குக் குனிந்து, "அந்தச் சுத்தைப் பூமி இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. முடிக்கட்டும், அப்புறம் நீ நட" என்றார். சற்று யோசித்து, வைத்துவிட்டான்.

இன்று காலையில் எழுந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, பூமி இப்ப எது வரைக்கும் போயிருக்கு?"