சப்டைட்டில் கீழிருந்து கொஞ்சம் மேலேற்றினால் நடுத்திரைக்குப் போய்விடுகிறது: ஏஜிசப், எஃப்எஃப்எம்பெக்

குறும்படக்குழு:
வணக்கம். 1920×1080 அளவில் ஒரு குறும்படம். படச்சட்டம் 2.39:1, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வீடியோவோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலை எஸ்ஆர்டியில் (நேரமும் வசனமும் மட்டும் உள்ள எளிய வடிவம்) அடித்து, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி வழியாக ஏஎஸ்எஸ் (இடம், எழுத்தளவு எல்லாம் குறிக்கும் வடிவம்) ஆக்கி, சப்டைட்டில் திருத்தும் மென்பொருளான ஏஜிசப்பில் திறந்தேன்.

சிகரெட் வரும் காட்சிகளில் கீழே புகையிலை எச்சரிக்கை வருகிறது. வசனம் சரியாக அதன் மேலேயே விழுகிறது. அந்த வரிகளுக்கு மட்டும் கீழ் மார்ஜின் 120 கொடுத்தேன். கொஞ்சம் மேலேறும் என்று பார்த்தால் நடுத்திரைக்குப் போய் முகத்தை மறைக்கிறது. ஒரு கடைப்பலகையின் மொழிபெயர்ப்பைப் பலகைக்குக் கீழே வைக்க, எழுத்தின் இடத்தை எண்ணால் குறிக்கும் பாஸ் டேக்கில் 1400, 320 என்று கொடுத்தால் எழுத்தே காணவில்லை. எங்கே தப்பு?

24ஃப்ரேம்:
நீங்கள் கொடுத்த எண்ணில் தப்பு இல்லை. அந்த எண்ணை எந்த அளவுகோலில் வைத்து அளக்கிறது என்பதுதான் சிக்கல். (டேக் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன், ஃபைலில் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.)

ஏஎஸ்எஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து மேலே பாருங்கள். பிளேரெஸ்எக்ஸ் (அகலம்) 384, பிளேரெஸ்ஒய் (உயரம்) 288 என்று இருக்கும். எஸ்ஆர்டியை மாற்றும்போது எஃப்எஃப்எம்பெக் எழுதிவைக்கும் அளவு அதுதான். ஃபைலில் உள்ள மார்ஜின், எழுத்தளவு, பாஸ் எல்லாமே அந்த 384×288 கட்டத்தில் அளக்கப்பட்டு, பிறகுதான் வீடியோ அளவுக்குப் பெரிதாகின்றன. 288-இல் 120 என்றால் 1080-இல் 450 பிக்சல். நடுத்திரைக்கு ஏறாமல் என்ன செய்யும்? 384 அகலக் கட்டத்தில் 1400 என்பது சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது. எழுத்து அழியவில்லை, திரைக்கு அப்பால் நிற்கிறது.

சரிசெய்ய, முதலில் நீங்கள் கையால் போட்ட அந்த 120-ஐயும் பாஸ் டேக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஏஜிசப்பில் ‘ரீசாம்பிள் ரெசொல்யூஷன்’ திறந்து இலக்கு 1920×1080 கொடுங்கள். ஸ்கிரிப்ட் ப்ராப்பர்ட்டீஸில் போய் எண்ணை மட்டும் 1920×1080 என்று மாற்றினால் போதாது. அப்படிச் செய்தால் 16 என்ற எழுத்தளவு அப்படியே 16 ஆக நின்று, எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். ரீசாம்பிள் செய்தால் அது 60 ஆகும் (16 × 1080 ÷ 288).

ஒரு எச்சரிக்கை. 384×288 என்பது 4:3 சட்டம், உங்களுடையது 16:9. நீட்டிப் பொருத்தும் வகையைத் தேர்ந்திருந்தால், ஸ்டைல் எடிட்டரில் ஸ்கேல் எக்ஸ் (எழுத்தின் அகல விழுக்காடு) 133 போல ஒரு எண் வந்து நிற்கலாம். 100-க்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து அகலமாக நசுங்கித் தெரியும்.

இத்தனையும் முடிந்தபின் அதே 120-ஐப் போட்டுப் பாருங்கள்.

வரிவடிவம்:
மேலே சொன்னது சரி. இடத்தை எப்படித் தீர்மானிப்பது என்பதையும் சொல்கிறேன்.

எச்சரிக்கை வரி கீழேதான் இருக்கும், அதை நகர்த்த முடியாது. 2012 முதல் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும், 2023 செப்டம்பர் முதல் ஓடிடியிலும் திரையின் கீழ்ப்பகுதியில் அசையாமல் காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே வசனம்தான் வழிவிட வேண்டும். எச்சரிக்கையின் மேல் விளிம்பு எந்த ஒய் எண்ணில் இருக்கிறது என்று, ஏஜிசப்பின் குறுக்குக்கோட்டுக் கருவியை அதன்மேல் வைத்துப் படியுங்கள். 980 என்றால், 1080-இல் அதைக் கழித்து 100. அதோடு 20 இடைவெளி சேர்த்தால் 120. உங்கள் எண் இதே கணக்கில் வந்திருந்தால் அது சரியான எண்தான்.

அந்த 120-ஐ ஸ்டைலில் (எல்லா வரிக்கும் பொதுவான அமைப்பில்) போடாதீர்கள். வரியைத் திருத்தும் பெட்டிக்கு மேலே உள்ள செங்குத்து மார்ஜின் கட்டத்தில் போடுங்கள். அங்கே 0 இருந்தால் ‘ஸ்டைலில் உள்ளதை எடுத்துக்கொள்’ என்று பொருள், மார்ஜினே இல்லை என்று பொருளல்ல. பலர் இங்கே குழம்புகிறார்கள். எழுத்து திரையின் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கும் என்பதை 1 முதல் 9 வரை எண்ணால் சொல்வது அலைன்மென்ட். அதில் 4, 5, 6-இல், அதாவது நடு வரிசையில், செங்குத்து மார்ஜினுக்கு வேலையே இல்லை.

ஏஎன்8 (மேல் நடு அலைன்மென்ட்டுக்கான டேக்) போட்டு எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழே படித்துக்கொண்டிருக்கும் கண் திடீரென உச்சிக்குப் போய்த் தேட வேண்டியிருக்கும், அதற்குள் நடிப்பு போய்விடும். எச்சரிக்கைக்குச் சற்று மேலே வைப்பதே நல்லது. அதைவிட முக்கியம், ஒரே காட்சியில் சில வரிகள் சாதாரண மார்ஜினான 54-இலும் சில வரிகள் 120-இலும் மாறி மாறிக் குதிக்கக் கூடாது. எச்சரிக்கை பாதியில் தொடங்கினாலும் அந்தக் காட்சி முழுவதும் 120-இலேயே வையுங்கள். உயரத்தை மாற்றுவதானால் காட்சி வெட்டில் மாற்றுங்கள்.

சாதாரண வரிகளுக்கு ஸ்டைல் மார்ஜின் 54 போதும். 1080-இல் 5 விழுக்காடு, எழுத்துக்கான பாதுகாப்பு எல்லையாக ஒளிபரப்பில் இன்று எடுத்துக்கொள்வது அதைத்தான். பக்கவாட்டில் 96.

கறுப்புப் பட்டை விஷயம்: 1920-ஐ 2.39-ஆல் வகுத்தால் படம் 803 கோடு உயரம், மீதியில் ஒவ்வொரு பட்டைக்கும் சுமார் 138. எழுத்தளவு 60 என்றால் ஒற்றை வரி திரையின் அடியிலிருந்து 54 முதல் 114 வரை, பட்டைக்குள் அடங்கும். இரண்டு வரி 174 வரை ஏறும். மேல்வரியின் கால் பட்டையில், தலை படத்தில். ஆகவே கறுப்பை நம்பி அவுட்லைனை (எழுத்தைச் சுற்றிய கோட்டை) எடுத்துவிடாதீர்கள், 3 அளவாவது இருக்கட்டும். வெள்ளைச் சட்டைமேல் மேல்வரி படிக்கவே முடியாமல் போய்விடும்.

கடைப்பலகைக்கு மட்டும் பாஸ். பாஸ் கொடுக்கும் புள்ளி எழுத்தின் எந்த மூலையைப் பிடிக்கிறது என்பதை அலைன்மென்ட்தான் முடிவுசெய்கிறது. பலகைக்குக் கீழே வேண்டுமென்றால் ஏஎன்8, பாஸ் 1400, 320. எழுத்தின் மேல் நடு அந்தப் புள்ளியில் தொங்கும், இரண்டாம் வரி கீழ்நோக்கி வளரும். ஏஎன்2 (கீழ் நடு) ஆக விட்டால் அதே புள்ளியிலிருந்து மேல்நோக்கி வளர்ந்து பலகையையே மூடும். பாஸ் உள்ள வரி மற்ற வரிகளுக்கு விலகி வழிவிடாது என்பதால், வசனத்துக்கு பாஸ் போடவே போடாதீர்கள்.

குறும்படக்குழு:
ரீசாம்பிள் செய்ததும் இரண்டும் சரியாக உட்கார்ந்துவிட்டன, மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. சப்டைட்டிலை வீடியோவிலேயே நிரந்தரமாகப் பதிக்கும்போது, அதாவது எரிக்கும்போது, எஃப்எஃப்எம்பெக்கில் ஃபோர்ஸ் ஸ்டைல் கொடுக்கலாமா? அடுத்து, தமிழிலும் ஒரு பிரதி வேண்டும். சோதித்தபோது ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

24ஃப்ரேம்:
ஏஎஸ்எஸ் கையில் இருக்கும்போது ஃபோர்ஸ் ஸ்டைல் வேண்டாம். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஸ்டைலின் மேல் அது ஏறி உட்காரும். எஸ்ஆர்டிக்கு நேரடியாகக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். மார்ஜின் எண் மறுபடி 288 கணக்குக்குப் போய்விடும். அலைன்மென்ட்டும் பல பதிப்புகளில் பழைய எண்முறையில் நடக்கும், மேல் நடுவுக்கு 8 அல்ல, 6.

ஃபில்டர் வரிசையையும் கவனியுங்கள். க்ராப் (வெட்டுவது), ஸ்கேல் (அளவு மாற்றுவது) முதலில், சப்டைட்டில் கடைசியில். மாற்றிப் போட்டால் எரித்த எழுத்தையும் சேர்த்து வெட்டிவிடும். விண்டோஸில் ஃபைல் பாதையில் டிரைவ் எழுத்துக்குப் பின் வரும் முக்காற்புள்ளியை ஃபில்டரின் விருப்பங்களைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், பெயரை மட்டும் கொடுத்து ஓட்டுவது எளிது.

ழகரம்:
கொம்பு இடம் மாறுவது, எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் இல்லாமல் வரைவதால். ஏஎஸ்எஸ் ஃபில்டரில் ஷேப்பிங் என்று ஒரு விருப்பம் உண்டு, காம்ப்ளெக்ஸ் என்று கொடுங்கள். அப்படியும் மாறாவிட்டால் உங்கள் எஃப்எஃப்எம்பெக் பதிப்பில் ஹார்ஃப்பஸ் சேர்க்கப்படவில்லை, வேறு பில்ட் எடுக்க வேண்டும்.

எழுத்தளவையும் மறுபடி பாருங்கள். ஏஎஸ்எஸ்-இல் 60 என்பது எழுத்தின் உயரம் அல்ல, ஃபான்ட் தனக்கென ஒதுக்கிய மொத்த மேல்-கீழ் உயரம். தமிழ் ஃபான்ட்டுகள் மேலும் கீழும் தாராளமாக இடம் ஒதுக்குவதால், அதே 60-இல் தமிழ் சிறியதாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதில் 68, 72 என்று ஏற்றிப் பாருங்கள். ஏற்றினால் இரண்டு வரியின் உயரமும் கூடும், வரிவடிவம் சொன்ன 174 கணக்கு மாறும். எச்சரிக்கைக்கு மேலுள்ள 20 இடைவெளியை ‘மு’, ‘ழு’ வரும் வரியில் வைத்துச் சோதியுங்கள், கீழே இறங்கும் சுழி அங்கேதான் தெரியும்.

ஃபான்ட்டை ஒரு ஃபோல்டரில் போட்டு ஃபான்ட்ஸ்டிர் விருப்பத்தில் அந்தப் பாதையைக் கொடுங்கள். வேறு கணினியில் எரிக்கும்போது ஃபான்ட் கிடைக்காமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டால் வரி உடையும் இடமே மாறிவிடும்.