தக்காளிக்காய் 5 கிலோ கெடக்கு, பொரிச்சா சொதப்புது, என்ன செய்ய?

மாடித்தோட்டம் திருநகர்:
வணக்கம் மக்களே. போன வாரம் அடிச்ச மழையிலயும் காத்துலயும் மாடியில இருந்த தக்காளிச் செடி பத்துல ஏழு, ஊணுன குச்சியோட சாஞ்சிருச்சு. காய் பூராம் பச்சை. பறிச்சு எடை போட்டா 5 கிலோவுக்கு மேல இருக்கு. முதல்ல பாசிப்பருப்பு போட்டு கூட்டு வச்சேன், பொறகு சட்னி அரைச்சேன், மூணாவது நாளும் சட்டினியில பச்சையா தெரிஞ்சதும் வீட்டுக்காரர் தட்ட தள்ளி வச்சுட்டு இட்லிக்கு சீனி கேட்டாரு.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க இத வட்டமா வெட்டி மொறுமொறுன்னு பொரிச்சு அடுக்கி வைக்கிறத பாத்து ஆசப்பட்டு, அவங்க ஏதோ கார்ன்னு சொன்னாங்களேன்னு அண்ணாச்சி கடையில கார்ன் ஃப்ளார் வாங்கியாந்து, மோர்ல முக்கி அதுல பெரட்டி எண்ணெய்ல போட்டேன். கையிலயே வெள்ளப் பசையா ஒட்டுச்சு, எண்ணெய்ல எறங்குனதும் சட்டை தனியா ஆளு தனியா கழண்டுருச்சு. சரின்னு மறுநாள் கடலை மாவுல பஜ்ஜி. அதக் கடிச்சதும் உள்ள இருந்து கொதிக்கிற தண்ணி பீச்சி சின்னவனுக்கு நாக்கு பொத்துப்போச்சு.

எங்க தப்பு பண்றேன்? இன்னொன்னு, இத எதோட வச்சுக் குடுக்குறது? வெறும புளிக்குதுன்னு பிள்ளைக தொட மாட்டேங்குதுக. இன்னும் மூணு கிலோவுக்கு மேல கெடக்கு.

சிம்மக்கல் டூ அட்லாண்டா:
அக்கா, நீங்க வாங்குனதுதான் தப்பு. நம்ம ஊர்ல கார்ன் ஃப்ளார்னா சூப்பு கெட்டியாக்குற அந்த வெள்ள ஸ்டார்ச்சு. இங்க அவங்க போடுறது கார்ன்மீல், மக்காச்சோளத்த ரவை பதத்துக்கு ஒடைச்சது, மஞ்சளா நறநறன்னு இருக்கும். அந்த நறநறப்புதான் பொரிச்சதும் மொறுமொறுப்பா நிக்கிறது. மதுரையில அது கெடைக்கலேன்னா பெரிய கடைகள்ல வடக்கத்தி ஆளுங்க ரொட்டிக்கு வாங்குற மக்காச்சோள மாவு இருக்கும், அதுல ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு வறுக்காத ரவை கலந்துக்கங்க, கிட்டத்தட்ட வந்துரும்.

அடுத்து தண்ணி. காயி கல்லு மாதிரி இருக்கேன்னு நெனைக்காதீங்க, உள்ள பூராம் தண்ணிதான். கால் இன்ச் வட்டமா வெட்டி, ரெண்டு பக்கமும் உப்பத் தூவி ஒரு 20 நிமிஷம் வடிதட்டுல பரப்புங்க, தண்ணி முத்து முத்தா வெளிய நிக்கும், பழைய வேட்டித் துணியில ஒத்தி எடுங்க. இத விட்டுட்டு மத்ததெல்லாம் எவ்வளவு சரியா செஞ்சாலும் வேலைக்காவாது. பொறகு முதல்ல வெறும் மைதாவுல லேசா பெரட்டல், அடுத்து மோர்ல முக்கல், மோரு கெட்டியா இருக்கணும், நம்ம வீட்டு நீர்மோர் ஆகாது, முட்டை சாப்புடுவீங்கன்னா ஒண்ணு அடிச்சு ஊத்திக்கங்க. கடைசியா அந்த ரவைக் கலவை. பெரட்டுன உடனே எண்ணெய்ல போடாம ஒரு பத்து நிமிஷம் தட்டுல கெடக்கட்டும், அப்பத்தான் ஒட்டிப் பிடிக்கும். நான் மொத தடவ அவசரப்பட்டு போட்டு பாதி ரவை சட்டி அடியில கருகிக் கெடந்துச்சு.

இங்க இத சதர்ன் சாப்பாடு, அதாவது அமெரிக்காவோட தெக்குப் பக்கத்துச் சாப்பாடுன்னு பெருமையா சொல்லிக்கிருவாங்க, ஆனா பழைய சமையல் புஸ்தகங்கள்ல இந்தக் குறிப்பு வடக்கு, மிட்வெஸ்ட் பக்கந்தான் முன்னாடி வந்துருக்கு. 1991ல இந்தப் பேருலயே (ஃப்ரைட் கிரீன் டொமேட்டோஸ்) ஒரு படம் வந்த பொறகுதான் ஊரெல்லாம் தெக்கத்திச் சாப்பாடுன்னு பேராகிருச்சு. சரி அத விடுங்க. நியூ ஆர்லியன்ஸ் ஸ்டைல்ல இது மேல இறால வச்சுக் குடுப்பாங்க. நான் வீட்ல நம்ம இறால் தொக்கு ஒரு கரண்டி வச்சுக் குடுத்தேன், கூட வேலை பாக்குற வெள்ளக்காரரு தட்ட வழிச்சுட்டாரு.

உசிலம்பட்டி மருமக:
நீங்க எல்லாம் இப்ப அமெரிக்காவுல இருந்து எறக்குறீங்க, எங்க அப்பத்தா இத எப்பவோ செஞ்சுச்சு. வெள்ளி செவ்வாய் கவிச்சி ஆகாதுல்ல, அன்னைக்கு தாத்தாவுக்கு சோத்துல கை எறங்காது. அதுக்காகவே தக்காளிக்காய மீன் துண்டு மாதிரி வறுக்கும். வத்தல், சோம்பு, பூண்டு நாலு பல்லு, கொஞ்சூண்டு மிளகு, அம்மியில வச்சு தண்ணி தெளிக்காம அரைக்கும், காய்ல விடுற தண்ணியே போதும்னு சொல்லும். அதுல உப்பும் மஞ்சளும் போட்டு காய் மேல அப்பி, மேல அரிசி மாவ வெரலால தூவி, தோசைக்கல்லுல கடலெண்ணெய் சுத்தி விட்டு அடுக்கும். பொரிக்கிறது இல்ல, வறுக்குறது. ஓரம் செவந்து சுருங்கையில கருவேப்பில கிள்ளிப் போடுமே, அந்த வாசத்துக்கு தாத்தா திண்ணையில இருந்து தானா எந்திரிச்சு வருவாரு. பழைய சோத்துக்கோ கம்மங்கூழுக்கோ இதவிட வெஞ்சனம் கெடையாது. புளி மட்டும் சேத்துறாதீங்க, காயே புளிக்கும்.

பிள்ளைக திங்கலேன்னா பேர மாத்துங்க. எங்க வீட்ல இதுக்கு பேரு சைவ மீனு.

பட்டறை மாஸ்டர்:
பஜ்ஜிய யாரும் கொற சொல்லாதீங்கப்பா. 14 வருஷம் டீக்கடைப் பட்டறையில நின்னவன் சொல்றேன். தங்கச்சி, நீங்க சோடாப்பு போட்டீங்களா? போட்டுருப்பீங்க. காய் புளிப்பு, புளிப்புத் தண்ணியும் சோடாப்பும் சேந்தா நொரைக்கும், உள்ள காத்து கெளம்பி மாவத் தள்ளிவிட்டுரும், அதான் தொப்பையா உப்பி உள்ள தண்ணி நின்னுச்சு. தக்காளிக்காய்க்கு சோடாப்பே வேணாம். வட்டமா வெட்டுனதும் நடுவுல இருக்குற கொழகொழ வெதைய வெரலால தட்டி விட்டுருங்க, வளையம் வளையமா சக்கரம் மாதிரி நிக்கும், அதுல காஞ்ச அரிசி மாவத் தூவி அதுக்குப் பொறகு கடலை மாவுல முக்குங்க. மாவுல ஒரு கரண்டி காஞ்ச எண்ணெய் ஊத்திக் கலக்கிக்கங்க. வாழக்கா பஜ்ஜிக்கு கரைக்கிறதவிட ஒரு சுத்து கெட்டியா இருக்கட்டும்.

எண்ணெய் பதம் பாக்க துளி மாவப் போடுங்க, போட்டதும் பொரிஞ்சு மேல வரணும், ஆனா செவக்கக் கூடாது. ஒரு ஈடுக்கு அஞ்சாறுக்கு மேல போடாதீங்க, எண்ணெய் ஆறிப்போனா குடிச்சுக்கிரும். எடுத்ததும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறது ஃபோட்டோவுக்குத்தான் நல்லாருக்கும். அடியில உள்ளது ஆவியிலயே நமுத்துரும். கம்பி வலையில தனித்தனியா வைங்க.

தொட்டுக்க தேங்காச் சட்னி, பொட்டுக்கடலை தூக்கலா. காரச் சட்னி வேணாம், அது வேற தக்காளி.

வாட்ஸ்அப் பயம்:
பச்சத் தக்காளி விஷம்னு ஒரு மெசேஜ் சுத்துதே, அது உண்மையா? பிள்ளைகளுக்கு வேற குடுக்குறாங்களே.

பெரியகுளம் தோட்டக்கலை:
டொமாட்டின்னு ஒரு பொருள் பச்சைக் காய்ல இருக்குறது உண்மை, பழுக்கப் பழுக்க கொறஞ்சுரும். எலயிலயும் தண்டுலயுந்தான் அது ரொம்ப அதிகம், அதத் திங்காதீங்க. நல்லா வெளஞ்ச பச்சைக் காய கூட்டு, பச்சடின்னு நம்ம ஆளுக காலங்காலமா திங்கிறதுதான், அளவா சாப்பிட்டா பயம் இல்ல. கோலிக்குண்டு சைஸ்ல பிஞ்சா இருக்குறத மட்டும் கழிச்சுருங்க, கசக்கும்.

அக்கா இன்னொன்னு, காய்கள ஒரு தடவ பிரிச்சுப் பாருங்க. அடி லேசா வெளுத்து, மஞ்சளோ ரோஸோ தட்டுனது பொரிக்க ஆகாது, கொழைஞ்சுரும். அத பேப்பர்ல சுத்தி ஒரு வாழப்பழத்தோட டப்பாவுல மூடி வச்சா எத்திலீன் வாயுவுல நாலஞ்சு நாள்ல பழுத்துரும். உங்க செடி பிகேஎம் 1 ரகமா இருந்தா காம்புப் பக்கம் பழுக்குறப்பவும் பச்சையாத்தான் இருக்கும், அதப் பாத்து ஏமாறாதீங்க, அடிப்பக்கத்த பாருங்க. அது எங்க காலேஜ் ரகம், தேனி பக்கம் அன்னஞ்சி நாட்டுத் தக்காளியில இருந்து வந்தது.

சிம்மக்கல் டூ அட்லாண்டா:
பட்டறை அண்ணே, வெதைய எடுக்கச் சொல்றீங்களே, அந்தப் புளிப்பு ஜெல்லுலதான ருசியே இருக்கு?

பட்டறை மாஸ்டர்:
ருசி இருக்கு தம்பி, நாக்கு இருந்தாத்தான ருசி பாக்க. சின்னப் பையனுக்கு பொத்துப்போயிருக்கு பாருங்க.

மாடித்தோட்டம் திருநகர்:
எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா அடுப்படியிலயே கெடக்கேன். மாஸ்டர் அண்ணே சோடாப்பு ஒரு சிட்டிகை போட்டேன், சரியா பிடிச்சுட்டீங்க. அடி வெளுத்தது ஒரு கிலோ தேறுச்சு, அத வாழப்பழத்தோட மூடி வச்சுட்டேன். மக்காச்சோள மாவு கெடைக்கல, ரவையில பாதி அரிசி மாவு கலந்து உப்புத் தண்ணி ஒத்தி எடுத்து செஞ்சேன், ஒரு இடத்துலயும் கழறல, கடிக்கிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்டுச்சு. அதுல நாலு துண்ட கெட்டித் தயிர் மேல வச்சு, வறுத்த சீரகப் பொடியும் வெல்லத்த வத்தத்தூளோட பாகா காச்சி ரெண்டு சொட்டும் ஊத்திக் குடுத்தேன், பெரியவ மூணு தடவ கேட்டு வாங்கிட்டா. தயிர்ல வச்சா அஞ்சு நிமிஷத்துல நமுத்துருது, அதனால சாப்பிடுற தட்டுலயே வைக்கணும்.

ராத்திரிக்கு கடையில பன் பரோட்டா வாங்கியாந்து நடுவுல பிச்சு, ரெண்டு துண்டும் பச்ச வெங்காயமும் மல்லிச் சட்னியும் வச்சு அமுக்கி சின்னவனுக்கு குடுத்தேன். சால்னா வேணாம்னுட்டான்.

உசிலம்பட்டி அக்கா சொன்ன சைவ மீனு நேத்து வெள்ளிக்கிழம செஞ்சேன். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, மீதி இருக்குற மூணு செடியில காய் எத்தன இருக்குன்னு காலையில மாடிக்குப் போயி எண்ணிட்டு வந்தாரு.