டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் என்ஜின் இறக்கத்தில் இறுகிப் பிடித்துவிட்டது: சரிசெய்து வாங்கவா, ஃபோர் ஸ்ட்ரோக் போகவா?

திருவட்டார் பையன்:

அண்ணன்மாரே, அக்காமாரே, கொஞ்சம் நீளமாகத்தான் வரும், முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 24. குலசேகரத்துக்கு மேலே மாமாவுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. மரம் மூப்பாகிவிட்டதால் வெட்டி, மறுநடவுக்கு நிலத்தைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களும் சொந்தக்காரர்களுடையதுதான், அதனால் மேல்தட்டிலிருந்து ஓடை வரைக்கும் நல்ல செம்மண் பாதை, ஓட்டிக்கொள் என்று மாமா சொல்லிவிட்டார். டர்ட் பைக் ஓட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து இருக்கிற ஆசை.

நண்பனின் அண்ணன் துபாயில் இருக்கிறார். அவருடைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண்பாதை ரேஸ்) வண்டி வீட்டில் சும்மா நிற்கிறது. லைட் கிடையாது, ஆர்சி கிடையாது. 1,40,000 கேட்கிறார். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல் என்று நம்பிக் கொடுத்தார். அதே பணத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய வைத்தால் பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஒன்று தக்கலையில் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்றம் நன்றாகவே ஏறியது. மேலே போய் ஆக்சிலேட்டரை விட்டபோது சத்தம் உடனே இறங்கவில்லை, ஐந்தாறு நொடி உயரத்திலேயே நின்று அப்புறம்தான் இறங்கியது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு, பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதி இறக்கத்தில் கீச்சென்று ஒரு சத்தம், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இடது பக்கம் சரிந்து விழுந்தேன். முட்டியில் தோல் உரிந்ததோடு போயிற்று. இருபது நிமிடம் கழித்து கிக்கர் இறங்கியது, ஆனால் காலுக்கு எதிர்ப்பே இல்லை, காற்றை மிதிப்பது போல இருக்கிறது.

பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) கலந்திருந்தேன். 5 லிட்டர் கேனில் ஒரே தடவையாகக் கலந்து மூன்று வாரம் திண்ணையில் வைத்திருந்தேன். அப்பாவிடம் ஆர்எக்ஸ் 100 இருந்தது, அதில்தான் நான் வண்டி பழகினேன், இந்த மாதிரி ஒரு நாளும் ஆனதில்லை.

ஏன் பிடித்தது? லேத்தில் 0.50 போர் போட்டு, அதாவது சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து தருகிறேன் என்கிறார்கள், செய்யலாமா? அதற்கும் மேலே, இதையே வாங்குவதா விடுவதா? அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டேனே என்று இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை.

ஆரல்வாய்மொழி காற்று:

மக்கா, முதலில் முட்டியைப் பார். செம்மண் ஏறின காயத்தை நன்றாகக் கழுவி, டிடி ஊசி போட்டுக்கொள்.

டூ ஸ்ட்ரோக்கை இந்த ஒரு சம்பவத்தை வைத்துத் தள்ளிவிடாதே. கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடுகிற தண்டு) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பெட்ரோல் எரிகிறது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். அதனால்தான் ரேஸில் 125-ஐ 250 ஃபோர் ஸ்ட்ரோக்கோடு ஒரே பிரிவில் ஓடவிட்டார்கள். வால்வு இல்லை, கேம் இல்லை, எடை 95 கிலோ சுற்றித்தான் வரும். எக்ஸ்பல்ஸ் 150-ஐத் தாண்டும். சேற்றில் விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கிப் பார்த்தால் அந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக்:

தம்பி, லேத்துக்குக் கொண்டுபோகாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பாவின் ஆர்எக்ஸில் சிலிண்டருக்குள்ளே இரும்பு ஸ்லீவ் இருக்கும், அதை 0.25, 0.50 என்று கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். நான் முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. இந்தக் காலத்து மோட்டோகிராஸ் சிலிண்டர் அலுமினியம், உள்ளே நிக்கல் சிலிக்கன் பூச்சு மட்டும்தான், முடி கனம் கூட இருக்காது. லேத்தில் கடைந்தால் பூச்சு போய்விடும், சிலிண்டரும் போய்விடும்.

இன்னொன்றும் அந்த ஆர்எக்ஸில்தான் இருக்கிறது. அதில் ஆயிலுக்குத் தனி டேங்க், ஒரு சின்ன பம்ப். ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் சுற்றுகிற வரைக்கும் பம்பும் சுற்றிக் கொஞ்சம் ஆயில் அனுப்பிக்கொண்டே இருக்கும். 1985-லிருந்து 1996 வரை அந்த வண்டி வந்தது, நம்ம ஜில்லாவில் எத்தனை பேர் அதில் மலை இறங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. நீ ஓட்டினதில் பம்ப் கிடையாது. பெட்ரோல் போனால்தான் ஆயில் போகும். ஆக்சிலேட்டரை மூடிவிட்டு மூன்றாவது கியரில் இறங்கினாய் என்றால், சக்கரம் என்ஜினை வேகமாகச் சுற்றவிடுகிறது, உள்ளே ஆயில் வரத்து ஏறக்குறைய நின்றுவிட்டது. கலவை வண்டியில் இறக்கம் இறங்கும்போது கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று தடவை ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். இது யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும், உன்மேல் தப்பில்லை.

ஆனால் அது மட்டும் காரணமாக இருக்காது. மேலேயே சத்தம் இறங்காமல் நின்றது என்றாயே, அது எங்கேயோ வெளிக்காற்றை இழுக்கிறது என்பதற்கு அடையாளம். மூன்று வேலை செய். சைலன்சர் ஸ்பிரிங்கைக் கழற்றி, பைப்பை எடுத்துவிட்டு, முன்பக்க ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்து, பிஸ்டன் ஓட்டையைக் கடந்து மேலும் கீழும் போகும். அதில் கோடு விழுந்திருக்கிறதா, ரிங் தனியாக அசைகிறதா என்று சொல். அடுத்து, கார்பரேட்டரையும் என்ஜினையும் சேர்க்கிற ரப்பரைக் கழற்றி வளைத்துப் பார், வெடிப்பு வளைத்தால்தான் தெரியும். மூன்றாவது, கேனில் மிச்சம் இருக்கிற பெட்ரோலை அடிவரைக்கும் வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் அசைக்காமல் வை.

திருவட்டார் பையன்:

அண்ணே, மூன்றையும் செய்துவிட்டேன். கை நடுங்கிக்கொண்டேதான் செய்தேன்.

பிஸ்டனின் முன்பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரிந்திருக்கிறது. மற்ற இடம் பளபளவென்றுதான் இருக்கிறது. மேல் ரிங் ஒரு பக்கம் பள்ளத்திலேயே நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டாலும் அசையவில்லை.

ரப்பர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரி வளைத்தேன், அடிப்பக்கம் நகம் நுழைகிற மாதிரி ஒரு வெடிப்பு வாய் திறந்தது.

பாட்டிலைப் பார்த்துத்தான் அதிர்ந்துவிட்டேன். மேலே ஆயில் கலந்த பச்சை நிறம். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கலங்கலாக, நிறமில்லாமல் தனியாக நிற்கிறது. கேன் மூடியின் வாஷர் கிழிந்திருந்ததை இப்போதுதான் கவனித்தேன். இடவப்பாதி மழை முழுக்க அந்தத் திண்ணையில் சாய்வாக அடித்தது.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக்:

அதுதான். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் நின்றுவிடும். ஆயில் பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடும். டேங்கின் குழாய் இருப்பது அடியில். அப்படியென்றால் என்ஜினுக்கு முதலில் போனது ஆயிலே இல்லாத, சரியாக எரியாத அந்தக் கலங்கல்தான். ரப்பர் வெடிப்பு வழியாகக் காற்றும் கூடுதலாகப் போய்ச் சூட்டை ஏற்றியிருக்கிறது, அப்புறம் இறக்கம். 20 மில்லி குறைவுதான், அந்த வண்டிக்கு என்ன அளவு என்று கையேட்டில் பார், பழைய மோட்டோகிராஸ் வண்டிக்குப் பெரும்பாலும் 32-க்கு 1, அதாவது லிட்டருக்கு 31 மில்லி. நம்ம ஊர் மழைக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்க வேண்டும், மிச்சத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது.

சிலிண்டரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியமாகத்தான் இருக்கும், பூச்சு கீழே நன்றாக இருக்கலாம். பஞ்சில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டு அந்தக் கோட்டின் மேல் மட்டும் வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும். ரப்பர் ஷீட் அடிக்க வைத்திருக்கிற ஃபார்மிக் ஆசிட்டை எடுத்துவிடாதே, அது வேறு. கையுறை போட்டு, வெளியில் காற்றோட்டமாக வைத்து, பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டும் படாமல் செய்ய வேண்டும், அதனால் நீ செய்யாதே, என்னைப் போல யாரிடமாவது கொடு. நகத்தால் தடவி நகம் மாட்டவில்லை என்றால் சிலிண்டர் பிழைத்தது. கிராங்க் கேஸுக்குள்ளே தூள் விழுந்திருக்கும், கழுவ வேண்டும். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும், ஆட்டம் இருந்தால் செலவு பெரிசு. மேக்னெட் பக்கத்து கிராங்க் சீலையும் இப்போதே மாற்றிவிடு, அது போனாலும் வெளிக்காற்றை இழுக்கும்.

முட்டம் கடற்கரை:

சீல், ரப்பர் எல்லாம் ஆர்டர் போட்டால் வர எத்தனை நாள் ஆகும் என்றும் கணக்குப் போடுங்கள் தம்பி. எனக்கு ஒரு சின்ன வாஷருக்கு மாசக்கணக்கில் வண்டி நின்றது.

அருமனை அக்கா:

தம்பி, பிடித்த கதை தெளிவாகிவிட்டது, இனி வாங்குகிற கதையைச் சொல்கிறேன்.

உன் வீடு திருவட்டார், தோட்டம் குலசேகரத்துக்கு மேலே. நடுவில் இருப்பது பொதுச் சாலை. ஆர்சி இல்லாத வண்டியை அதில் ஓட்ட முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 39-வது பிரிவே அதுதான். மோட்டோகிராஸ் வண்டியை நினைத்தாலும் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் பிக்கப் வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போகத் தயாரா? இரண்டு மாதம் போவாய், அப்புறம் "இங்கேதானே" என்று சாலையில் எடுப்பாய். ஏதாவது ஆனால் இன்சூரன்சும் கிடையாது. அந்த ஒரு நாளுக்காகத்தான் எனக்குப் பயம்.

நான் மூன்று வருஷமாக எக்ஸ்பல்ஸ் வைத்திருக்கிறேன். சீட் உயரம் 825 மில்லிமீட்டர், என் உயரத்துக்கு ஒரு கால் முழுசாக ஊன்றும், மோட்டோகிராஸ் வண்டி 900-ஐத் தாண்டும். தரைக்கும் என்ஜினுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி, ரப்பர் வேர் எதுவும் தட்டியதில்லை. இறக்கத்தில் முதல் கியரில் விட்டால் என்ஜினே பிடித்து நிறுத்தும், ஆயில் அடியில் கிடக்கிறது, ஆக்சிலேட்டரைப் பற்றிக் கவலையே இல்லை. எடை அதிகம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனி மாசச் சேற்றில் கீழே போட்டுவிட்டால் ஹேண்டிலை முழுசாக ஒடித்து, முதுகை வண்டிக்குக் கொடுத்து, காலால் தூக்க வேண்டும். பழகிவிட்டது. கம்பெனி டயரை மட்டும் மாற்று, செம்மண் அதில் அப்பிக்கொண்டால் சோப்புக்கட்டியில் நிற்பது போல இருக்கும்.

இன்னொன்று. எந்த வண்டி எடுத்தாலும் பேச்சிப்பாறை, கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் விடாதே. 2008-லிருந்து அது வனவிலங்கு சரணாலயம். யானை நடமாடுகிற இடத்தில் சைலன்சர் சத்தத்தோடு போவது நமக்கும் நல்லதில்லை, அதுகளுக்கும் நல்லதில்லை.

ஆரல்வாய்மொழி காற்று:

அக்கா சொன்னதில் சாலை விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் என்றாலே செலவு குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்பல்ஸ் மாதிரி காற்றாலும் ஆயிலாலும் குளிர்கிற சாதாரண என்ஜின் வேறு, ரேஸுக்கென்றே செய்த 250 ஃபோர் ஸ்ட்ரோக் வேறு. பின்னதில் ஒரு லிட்டர் சுற்றித்தான் ஆயில் பிடிக்கும், கிலோமீட்டர் பார்ப்பதில்லை, மணிக்கணக்கு மீட்டர் வைத்து சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். அது போயிற்று என்றால் ஹெட், வால்வு, பிஸ்டன் எல்லாம் சேர்த்து வரும். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பிஸ்டன், ரிங், கேஸ்கட், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். தம்பி வண்டியே இப்போது அதற்கு சாட்சி.

திருவட்டார் பையன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மெக்கானிக் அண்ணன் சொன்னபடி ஹெட்டைத் திறந்து பார்த்தோம். கோடு ஆசிட்டில் கரைந்துவிட்டது, நகம் மாட்டவில்லை. ராடில் மேலும் கீழும் ஆட்டம் இல்லை. பிஸ்டன் செட், கேஸ்கட், சீல், ரப்பர் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று, பணம் நான்தான் தருகிறேன். நண்பனின் அண்ணனுக்கு போன் செய்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த ரப்பரை மாற்றி நாலு வருஷம் ஆகிறது, நானும் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

வண்டியைச் சரிசெய்து அவரிடமே ஒப்படைத்துவிடுகிறேன். சனிக்கிழமை தக்கலை போய் எக்ஸ்பல்ஸைப் பார்க்கிறேன். டூ ஸ்ட்ரோக்கின் அந்த ஏற்றம் ஏறுகிற வேகம் மனசை விட்டுப் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய எக்ஸ்பல்ஸில் என்ன பார்க்க வேண்டும் அக்கா?

அருமனை அக்கா:

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே போ. சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, வீல் கம்பி, ஸ்டீயரிங் பேரிங், அடித்தகட்டில் அடி, இதையெல்லாம் பார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பார், பால் கலந்த மாதிரி வெளுப்பாக இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி, விட்டுவிடு. ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் நீயே படித்துச் சரிபார்.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக்:

புதுப் பிஸ்டன் போட்டதும் அவர்களிடம் கொடுக்கும் முன்னால் ஒரு டேங்க் நீயே ஓட்டிக் கொடு. என்ஜினை நன்றாகச் சூடேற விட்டு, பத்து நிமிடம் ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, திரும்பவும் ஓட்டு. மூன்று தடவை அப்படி. அப்புறம் பிளக்கைக் கழற்றி எனக்குப் போட்டோ அனுப்பு, காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரைத் தட்டிக் கொடுக்க மறக்காதே.

திருவட்டார் பையன்:

சரி அண்ணே. கேனுக்குப் புது மூடியும் வாங்கிவிட்டேன்.